டாட்டாவின் தபால் விமானமும் தகரச் சீட்டும்

2022ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் திகதி மாலை, எங்கள் செய்தி மேசையில் வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எயார் இந்தியா நிறுவனம் டாட்டா குழுமத்திடம் மீண்டும் கையளிக்கப்பட்ட செய்தி வந்தது. அறுபத்தொன்பது ஆண்டுகள் அரசின் கையிலிருந்த நிறுவனம், அதைத் தொடங்கிய வீட்டுக்கே திரும்பியிருந்தது. மொத்தப் பெறுமதி 18,000 கோடி இந்திய ரூபாய். அதில் 2,700 கோடிதான் காசு. எஞ்சிய 15,300 கோடி, பொறுப்பேற்ற கடன். செய்தியைத் தமிழாக்கிக்கொண்டிருந்த இளம் உதவி ஆசிரியர் தலையை நிமிர்த்தி, "சேர், டாட்டாவின் விமானம் எப்போதாவது சிலோனுக்கு வந்திருக்கிறதா?" என்று கேட்டார்.

"1938இல் வந்தது" என்றேன். அவருக்கு அது போதுமாயிருந்தது. எனக்குப் போதவில்லை. இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன் நான். அந்த விமானத்தின் வழித்தடத்தை எண்ணும்போதெல்லாம் மனம் வேறொரு வழித்தடத்துக்குத் தாவிவிடும். இவ்விரு வழிகளைப் பற்றியே இக்கட்டுரை.

ஜே.ஆர்.டி. டாட்டா 1932 ஒக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து புஸ் மொத் என்னும் சிறு விமானத்தைத் தாமே செலுத்தி, அகமதாபாத் வழியாகப் பம்பாயில் இறங்கினார். விமானத்திலிருந்த சரக்கு 25 கிலோ தபால். அங்கிருந்து தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசென்றவர் அவருடைய கூட்டாளியான நெவில் வின்சென்ட். தொடக்க ஆண்டில் அந்தச் சேவையில் பயணம் செய்தோர் 155 பேர். ஏற்றிய தபால் ஏறத்தாழ 10 தொன். தபாலே அந்நிறுவனத்துக்குச் சோறு போட்டது, பயணிகள் அல்லர் என்பதை இந்த எண்களே சொல்லும். இன்று விமானம் என்றால் பயணிகளையே நினைக்கும் நமக்கு இது சற்று வியப்பாயிருக்கும்.

1938இல் பிரித்தானிய அரசு தன் பேரரசெங்கும் விமானத் தபால் திட்டத்தை விரித்தபோது, டாட்டாவின் சேவை கொழும்புவரை நீண்டது. கராச்சி, பம்பாய், ஹைதராபாத், சென்னை, திருச்சிராப்பள்ளி, கொழும்பு என்பது பாதை. இங்கு இறங்குதளம் இரத்மலானை. அத்தளத்தில் 1935 நவம்பரில் முதன்முதல் வந்திறங்கியதும் சென்னைப் பறப்புக் கழகத்தின் புஸ் மொத் ஒன்றுதான். கொழும்புத் துரைமாரின் இலண்டன் கடிதம் கப்பலில் வாரக்கணக்காக ஊர்ந்த காலம் அத்துடன் போயிற்று.

பாதையின் கடைசி இரண்டு ஊர்களை வாசகர்கள் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். திருச்சிராப்பள்ளி, கொழும்பு. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆட்களைத் திரட்டிய இலங்கைத் தொழிலாளர் ஆணைக்குழு தன் தலைமையகத்தை வைத்திருந்ததும் இதே திருச்சிராப்பள்ளியில்தான். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் ஆகிய சீமைகளின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த சனம், அந்த ஆணைக்குழுவின் பதிவேடுகள் வழியாகவே கடல் கடந்தது. ஆக, திருச்சிக்கும் கொழும்புக்கும் இடையே 1938இல் இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்றில் கடிதம் சில மணி நேரத்தில் வந்துசேர்ந்தது. மற்றதில் மனிதர் வந்தனர். அவர்கள் எவ்வாறு வந்தனர் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு என்றொரு முறை வந்தது. வட்டமான சிறு உலோகத் தகடு. மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தின் இலக்கமும், ஆளின் இலக்கமும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். கழுத்திலோ கையிலோ கயிற்றில் கோத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அதைக் காட்டினால் புகைவண்டியில் ஏற்றுவர், சோறு தருவர். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். தோட்டம் அதை ஆளின் கணக்கில் எழுதும். கடனாளியாகவே ஒருவன் பிரட்டுக்களத்தில் முதல்நாள் நிற்பான். அந்தத் தகரத்தில் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். கடிதத்தின் உறையில் பெறுநர் பெயரும் அனுப்புநர் பெயரும் இருந்தன. ஆளின் கழுத்தில் எண் மட்டும் இருந்தது. என் தாத்தாவின் தகரச் சீட்டு எங்கள் வீட்டுப் பெட்டியில் நெடுங்காலம் கிடந்தது. பிள்ளைகள் நாங்கள் அதை வைத்துச் சில்லுக்கோடு விளையாடினோம். அது எங்கே போனதென்று இன்று வீட்டில் எவருக்கும் நினைவில்லை.

மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்து வைத்து, மருந்துக் குளிப்பாட்டி, அம்மைப்பால் குத்தி அனுப்புவர். 1914இல் தொடங்கிய இந்தோ-சிலோன் சேவையின் வழியே தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து ரயில். சப்ரகமுவவுக்கு உரியவர்கள் கொழும்பில் களனிவெளிப் பாதையின் சின்ன ரயிலுக்கு மாறுவர். அது அவிசாவளையில் பிரிந்து ஒரு கிளை எட்டியாந்தோட்டைக்கும், மற்றது இரத்தினபுரி கடந்து ஓப்பநாயக்கவுக்கும் போயிற்று. தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை எனச் சிதறிக் கிடந்த தோட்டங்களுக்கு அங்கிருந்து நடைதான்.

சிதறிக் கிடந்த என்று சொன்னேன். சப்ரகமுவவின் கதையை நுவரெலியாவின் கதையாக எழுதிவிடுகிற வழக்கம் நம் எழுத்தாளரிடையே உண்டு. அது பிழை. ஹட்டன் பக்கம் மலைக்கு மலை தோட்டம். பத்து மைல் நடந்தாலும் நம் சனம். இங்கோ இறப்பரும் தாழ்நிலத் தேயிலையும் கலந்த சிறு சிறு தோட்டங்கள், சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். கொழுந்து கொய்கிறவளும் பால் வெட்டுகிறவனும் ஒரே லயத்தில் இருப்பர். எண்ணிக்கையில் நாம் எங்கும் பெரும்பான்மை அல்லோம். வாக்குரிமை இருந்த காலத்தில் றுவன்வெல்லையில் என்.எம். பெரேரா போன்ற இடதுசாரிகள் எம்மவருக்காகக் குரல் கொடுத்தனர். வாக்குரிமை போன பின் அந்தக் குரலுக்கும் வலுக் குறைந்தது.

அடுத்து நடந்தவற்றைத் திகதி வரிசையில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. 1938இல் டாட்டாவின் விமானம் கொழும்பில் இறங்கிற்று. 1939இல் இலங்கை அரசு தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை வெளியேற்ற முற்பட்டது. ஜூலையில் நேரு வந்து பேசிப் பார்த்தார், பயனில்லை. அவர் இங்கிருந்தபோதே இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. ஆகஸ்ட் முதலாம் திகதி, கைத்திறனற்ற தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதை இந்திய அரசு தடை செய்தது. கடிதத்துக்குப் பாதை திறந்த ஒன்றரை ஆண்டுக்குள் மனிதருக்கான பாதை அடைபட்டது.

1946 ஜூலையில் டாட்டா எயார்லைன்ஸ் பொதுப் பங்கு நிறுவனமாகி, எயார் இந்தியா என்ற பெயரைப் பெற்றது. அதே ஆண்டு, கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்காக அரசு சுவீகரித்ததால், தலைமுறையாய் அங்கு வாழ்ந்த தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். தோட்டங்கள் பல அதற்காக வேலைநிறுத்தம் செய்தன. 1947 டிசம்பரில் எயார் சிலோன் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குப் பறந்தது. 1948 ஜூனில் எயார் இந்தியா இன்டர்நேஷனலின் 'மலபார் பிரின்சஸ்' 35 பயணிகளுடன் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டன் சென்றது. அதே 1948இல்தான் நமது 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. கூடவே, 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் வந்தது. முதலாவது, தோட்டத்து மக்களில் பெரும்பாலோரை எந்நாட்டவரும் அல்லாதவராக்கியது. இரண்டாவது, நாட்டின் வாயிலில் கடவுச்சீட்டைக் கேட்டது.

இந்த ஆண்டு ஒற்றுமைகளை வைத்துக்கொண்டு டாட்டா மீது குற்றஞ்சாட்ட நான் வரவில்லை. அது அபத்தம். ஒரு விமான நிறுவனம், தனியாருடையதாயினும் அரசுடையதாயினும், இரண்டு பொருட்களைக் கேட்கும்: பணம், பத்திரம். பணமில்லாதவனுக்கு என்றாவது ஒருநாள் பணம் சேரலாம். நாடற்றவனுக்குக் கடவுச்சீட்டு கொடுக்க எந்த நாடு இருக்கிறது? மலிவுக் கட்டணத்தால் சாதாரண மனிதனும் வானில் பறக்கிறான் என்று பெருமை பேசும் பத்திகளை நானே எழுதியிருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் தடையாய் நின்றது கட்டணம் மட்டுமன்று என்பதை அப்போது எழுதத் தவறிவிட்டேன்.

1953இல் நேருவின் அரசு விமான நிறுவனங்களை நாட்டுடைமையாக்கியது. ஜே.ஆர்.டி.க்கு அதில் உடன்பாடில்லை. ஆயினும் 1978வரை எயார் இந்தியாவின் தலைவராக அவரே இருந்தார். அவர் வளர்த்த சேவைத் தரத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருப்பதால் இங்கு விட்டுவிடுகிறேன்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஒப்பமிட்ட எம் பிரதமர் சப்ரகமுவவைச் சேர்ந்தவர். பலாங்கொடைப் பக்கத்து ரத்வத்தைக் குடும்பத்துப் பெண். அவர்களுடைய வளவுக்கு அப்பால் தெரியும் மலைகளிலேயே எங்கள் லயங்கள் இருந்தன. 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று முடிவாயிற்று. 1974இல் பேசி, ஆளுக்குப் பாதியாக 75,000 பேரைப் பகிர்ந்துகொண்டனர். ஒப்பந்தம் ஒப்பமிடப்பட்ட இரண்டே மாதத்தில், டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிற்று.

என் பெரிய மாமா குடும்பத்தோடு அந்தக் கப்பலில்தான் போனார். மலையகத்தில் தலைமன்னார் ரயிலை 'ஒப்பாரிக் கோச்சி' என்பர். அந்தப் பெயருக்கு விளக்கம் வேண்டியதில்லை. எயார் சிலோனும் பறந்துகொண்டிருந்தது, இந்திய விமானங்களும் பறந்துகொண்டிருந்தன. ஆனால் தாயகம் திரும்புவோர் என்று பெயரிடப்பட்டவர்களுக்கு ரயிலும் கப்பலும்தான். அம்மி, உரல், தகரப் பெட்டி, கோழிக்கூடு சகிதம் போகிறவர்களுக்கு அதுவே பொருந்தும் என்று யாரும் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள்.

இடையில் ஒரு விமானம் எங்கள் மலைகளுக்கே வந்தது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு பத்து மணியளவில், சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு, கொழும்பு வழியாக ஜித்தாவுக்குச் செல்லவிருந்த டி.சி. 8 விமானம், கட்டுநாயக்கவில் இறங்கத் தாழ்ந்து வருகையில் நோட்டன் பிரிட்ஜுக்கு அருகே சப்த கன்னியர் மலையில் மோதிற்று. விமானம் ஒல்லாந்தின் மார்ட்டின் எயார் என்னும் தனியார் நிறுவனத்துக்குரியது. இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்துக்காகப் பறந்தது. 182 யாத்திரிகர், 9 பணியாளர். 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. விமான நிலையம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை விமானிகள் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டனர் என்பது விசாரணையின் முடிவு. இடம் நுவரெலியா மாவட்டம். ஆனால் கேகாலை எல்லை அங்கிருந்து தொலைவில் இல்லை. அந்த வழுக்குமலையில் ஏறிச் சடலங்களைச் சுமந்திறக்கியவர்களில் தோட்டத் தொழிலாளர் இருந்தனர்.

அப்போது எனக்கு நான்கு வயது. அப்பா சொல்லித்தான் தெரியும். அவர் விபத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் பஞ்சத்தையும் சேர்த்தே சொல்வார். அது 1974. தோட்டங்களில் மாவும் அரிசியும் இல்லாமல் சனம் செத்த காலம். வேலை நாட்கள் குறைந்து, பிள்ளைகள் மரவள்ளி இலை தின்ற காலம். பசியோடு இருந்த மக்கள், முன்பின் அறியாத தேசத்து யாத்திரிகரின் உடல்களைப் போர்வையில் கட்டித் தூக்கினர். எங்கள் பக்கத்து மக்களிற் பலர் விமானம் ஒன்றின் இரும்பைத் தொட்டது அந்த முறைதான்.

பின்னர் வந்த ஆண்டுகளைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், அவை நன்கு அறியப்பட்டவை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளுக்குப் போயிற்று. காவத்தை, பலாங்கொடை, கேகாலை, களனிவெளி என்று எங்கள் பிரதேசத்துப் பெயர்களையே கம்பனிகளுக்கும் சூட்டினர். 1977இலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. லயங்கள் எரிந்தன. காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்தவர் வவுனியாவுக்கும் அப்பாலும் ஓடினர். சிதறிக் கிடந்ததன் விலை அது.

1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் புறப்படாதிருந்த ஏறத்தாழ 84,000 பேர் அத்துடன் நடுவழியில் நின்றனர். கையில் ஒரு நாட்டின் பத்திரம், கால் வேறு நாட்டின் மண்ணில். கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானங்கள் நிற்கவில்லை. ஆனாலும் அந்தப் பத்திரத்தோடு அவற்றில் ஏறி இந்தியா சென்று குடியேறியோர் மிகச் சிலரே. அதற்குள் அவர்களுக்கு இங்கு பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டனர். 1988ஆம் ஆண்டின் சட்டம் ஒரு பகுதியினருக்கும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இவர்களுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமையைத் தந்தன. 1948இல் பறித்ததைத் திருப்பித் தர ஐம்பத்தைந்து ஆண்டுகள் எடுத்தன. எயார் இந்தியா அறுபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் டாட்டாவிடம் திரும்பியதை உலகப் பத்திரிகைகள் எல்லாம் முதற்பக்கத்தில் போட்டன. 2003ஆம் ஆண்டுச் செய்தி பல பத்திரிகைகளில் உட்பக்கத்தோடு நின்றது. நான் சார்ந்திருக்கும் தொழிலைப் பற்றிய ஒப்புதல் வாக்குமூலமாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

பிரஜாவுரிமை வந்ததும் எம்மவர் விமானம் ஏறினர். ஏறியவர் பெண்கள். வளைகுடாவுக்குப் பணிப்பெண்களாகச் சிங்களக் கிராமங்களிலிருந்து எழுபதுகளின் இறுதி முதலே சென்றுகொண்டிருந்தனர். தோட்டத்துப் பெண்களுக்கு அடையாள அட்டை கிடைத்த பிறகே அந்தக் கதவு திறந்தது. என் சின்ன மாமாவின் மகள் தொண்ணூறுகளில் குவைத் போனாள். அவளுடைய பத்திரங்களுக்காக நான் அலைந்த அலைச்சல் இன்றும் கசக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொன்று. மூன்றும் ஒரே பெயர்தான். எழுதிய கிளாக்கர்மார் மூவர், அவ்வளவே. ஓர் அலுவலகத்தில் இருந்தவர், "உங்கள் ஆட்களுக்கு எப்போதும் இதே கரைச்சல்தான்" என்றார். பத்திரிகையாளன் என்பதை அன்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் கையெழுத்து விரைவில் கிடைத்திருக்கும். ஆனால் வரிசையில் என் பின்னால் நின்ற பெண்களுக்குக் கிடைத்திராது.

அவள் போய் இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தபோது, விமானம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "அண்ணே, தேத்தண்ணி குடுத்தாங்க, வாயில வைக்க முடியல. நம்ம தூள் மாதிரி இல்ல" என்றாள்.

டாட்டா குழுமம் எயார் இந்தியாவைப் பெற்றபின் 2023 பெப்ரவரியில் எயார்பஸ்ஸிடம் 250, போயிங்கிடம் 220 என 470 விமானங்களுக்குக் கட்டளையிட்டது. 2024 நவம்பரில் விஸ்தாரா நிறுவனம் அதனுடன் இணைந்தது. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் 25.1 வீதப் பங்கைப் பெற்றது. ஆசியாவின் பெரிய தனியார் சர்வதேச விமான நிறுவனங்களுள் ஒன்றாக அது மீண்டும் நிற்கிறது. அரசின் கையில் அது கடனில் மூழ்கியது உண்மை. அதனால் தனியார்மயமே தீர்வு என்பாருடன் நான் முழுதாகச் சேரமாட்டேன். நமது எயார் லங்காவையும் 1998இல் எமிரேட்ஸின் முகாமையில் விட்டு, ஸ்ரீலங்கன் எனப் பெயர் மாற்றி, 2008இல் அந்த உடன்பாடு முறிந்ததைப் பார்த்தவர்கள் நாம்.

2023இல் அதே மாமா மகள், இப்போது ஐம்பதைத் தொட்டவள், கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் போனாள். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து பஸ்ஸில் கோத்தகிரி. பெரிய மாமாவின் பிள்ளைகள் அங்கேதான் இருக்கின்றனர். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு நடத்தும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்த குடும்பம். எங்கள் தாத்தா தகரச் சீட்டைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட கிராமம் திருச்சியிலிருந்து அதிக தூரமில்லை. அதையும் பார்த்து வரச் சொல்லியிருந்தேன். ஊரின் பெயர் பலகையில் இருக்கிறது, நம் ஆட்கள் யாரும் இல்லை என்று வந்து சொன்னாள்.

தகரச் சீட்டுகள் இப்போது பழைய இரும்புக் கடைகளுக்குப் போகின்றன. சப்ரகமுவத் தோட்டங்களில் எவர் வீட்டிலாவது ஒன்று மிஞ்சியிருந்தால், அதிலுள்ள எழுத்தையும் இலக்கத்தையும் ஒரு தாளில் பென்சிலால் தேய்த்தெடுத்து எனக்கு அனுப்பிவையுங்கள். தகட்டை அனுப்ப வேண்டாம். அது உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.